நிலக்காட்சிக்குள் உழைப்பவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புகழ்பெற்ற நிலக்காட்சி ஓவியங்களில் வானத்துக்குப் பாதி இடம், மரத்துக்குக் கால்வாசி இடம். வயலில் வேலை செய்கிறவர்கள் மட்டும் புள்ளி புள்ளியாகக் கிடக்கிறார்கள். ஏன் இப்படி?

பதில்: பணம் கொடுத்தவர் யார் என்று முதலில் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலக்காட்சியை வரையச் சொன்னவர், வாங்கியவர் பெரும்பாலும் நிலவுடைமையாளர். தன் நிலம் செழிப்பாக இருக்கிறது, அதில் வேலை ஒழுங்காக நடக்கிறது, யாரும் முணுமுணுக்கவில்லை. இவ்வளவுதான் அவர் சுவரில் மாட்ட விரும்பியது. தொழிலாளி பக்கத்தில் வந்தால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் களைப்பும் தெரியும். தூரத்தில் நிறுத்திவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அதோடு ஓவியக்கூட வழக்கம் ஒன்றும் உண்டு. நிலக்காட்சியில் சேர்க்கப்படும் சிறு உருவங்களை ஐரோப்பிய ஓவியர்கள் ‘ஸ்டாஃபேஜ்’ என்பார்கள். மரம் எவ்வளவு உயரம், வயல் எவ்வளவு அகலம் என்று காட்டும் அளவுகோல்தான் அந்த உருவங்களின் முதல் வேலை. 17-ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் இதற்கென்றே கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். ரொய்ஸ்டால், ஹாபமா போன்றவர்கள் வரைந்த நிலக்காட்சிகள் சிலவற்றில் ஆட்களையும் மாடுகளையும் வரைந்தவர் ஆத்ரியான் வான் டெ வெல்டெ. நிலம் ஒருவர் கை, ஆள் இன்னொருவர் கை.

சிறிதாக வரைவதெல்லாம் அலட்சியம் என்றும் சொல்லிவிட முடியாது. ஜான் கான்ஸ்டபிள் 1821-ல் வரைந்த ‘தி ஹே வெய்ன்’ (உலர்புல் வண்டி) ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 130 சென்டிமீட்டர் உயரம், 185 சென்டிமீட்டர் அகலம்; லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஆற்றுக்குள் நிற்கும் காலி வண்டியைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். வலப்பக்கம் மரங்களுக்கு அப்பால் வெயில் விழும் புல்வெளியைப் பாருங்கள். வெள்ளைச் சட்டைகள் சில தெரியும். ஒருவர் அரிவாளைத் தீட்டுகிறார். மற்றவர்கள் இன்னொரு வண்டியில் உலர்புல்லை ஏற்றுகிறார்கள். ஆற்றிலிருக்கும் காலி வண்டி அடுத்த பாரத்துக்காக அங்கேதான் போகிறது. அந்தப் புள்ளிகளை அழித்துவிட்டால் வண்டிக்குப் போக இடமில்லை, படமே கதையற்றுப் போகும்.

ஆனால் கான்ஸ்டபிள் மாவு ஆலை முதலாளியின் மகன். அவர் தந்தை கோல்டிங் கான்ஸ்டபிள் பிளாட்ஃபர்ட் ஆலையை நடத்திய தானிய வியாபாரி. வயலை அவர் பார்த்துப் பழகியது அந்த வீட்டுப் பக்கமிருந்துதான். 1816-லும் 1822-லும் கான்ஸ்டபிளின் ஊர்ப்பக்கமான கிழக்கு ஆங்கிலியாவில் கூலி குறைந்து, வேலையும் இல்லாமல் போன தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள். கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். ‘தி ஹே வெய்ன்’ இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் வரையப்பட்டது. ஆற்றில் ஓர் அலைகூட இல்லை. அந்த அமைதி பொய் என்று சொல்ல மாட்டோம். எந்த வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த அமைதி என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: கெய்ன்ஸ்பரோ வரைந்த ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஆண்ட்ரூஸ்’ படத்தில் ஒரு தொழிலாளிகூட இல்லையே, அதை ஏன் இந்தப் பேச்சில் எப்போதும் இழுக்கிறார்கள்?

பதில்: இல்லை என்பதற்காகத்தான் இழுக்கிறார்கள். சுமார் 1750-ல் வரையப்பட்ட படம். இடப்பக்கம் ஓக் மரத்தடியில் துப்பாக்கியும் நாயுமாகக் கணவர். பக்கத்தில் நீலப் பட்டு உடுத்திய மனைவி. வலப்பக்கம் முழுக்க அறுத்துக் கட்டிய கோதுமைக் கட்டுகள். கதிரை அறுத்து, தாளை முறுக்கிக் கட்டி, கட்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். கோதுமைத் தாள் நேர்கோட்டில் வரிசையாக நிற்பதைப் பார்த்து, கையால் வீசாமல் விதைக்கருவியால் விதைத்த வயல் என்று சொல்கிறார்கள். இத்தனை வேலைக்கும் எத்தனை கைகள் வேண்டும்! அவற்றில் ஒன்றுகூடப் படத்துக்குள் வரவில்லை. அறுவடை நடந்துகொண்டிருக்கும் பருவத்தில் வயலை இப்படி ஆளரவமில்லாமல் காட்டுவது ஓவியர் தெரிந்தே செய்தது. சட்டை தெரியாவிட்டாலும் வேலையின் தடம் தெரிகிறதா என்று தேடுங்கள். பல படங்களில் தொழிலாளி இருப்பது அந்தத் தடத்தில்தான்.

கேள்வி: ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்த ‘ரீப்பர்ஸ்’ படத்தில் அறுவடைக்காரர்கள் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி உடுத்தியிருக்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா?

பதில்: பாதி ஏமாற்று. 1785-ல் வரைந்த ‘ரீப்பர்ஸ்’, ‘ஹேமேக்கர்ஸ்’ இரண்டும் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெள்ளைக் காலுறையில் ஒரு துளி மண் இல்லை, பெண்களின் தொப்பி நாடா கலையவில்லை. கோதுமை அறுத்தவர்களுக்குத் தெரியும்: தாளின் தூசி கழுத்திலும் முழங்கையிலும் வியர்வையோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், அரைநாளில் சட்டை நிறமே மாறிவிடும்.

மீதிப் பாதிக்கு ஸ்டப்ஸைப் பாராட்ட வேண்டும். குதிரையின் உடலை அறுத்துப் பார்த்து எலும்பும் தசையும் படித்தவர் அவர். உடல் எப்படி மடங்கும், எந்தக் கை எதைப் பிடிக்கும் என்பதில் தவறவே மாட்டார். குனிந்து அறுப்பவர், கட்டுக் கட்டுபவர், நிமிர்ந்து நிற்கும் பெண் என்று ஒவ்வொருவரும் வேலையின் ஒவ்வொரு கட்டத்தில் நிற்கிறார்கள். குதிரைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் மேற்பார்வையாளரையும் அவர் விட்டுவிடவில்லை. வயலில் யார் நிற்கிறார், யார் குனிகிறார், யார் குதிரைமேல் இருக்கிறார் என்ற ஏற்பாடு இவ்வளவு தெளிவாகத் தெரியும் படங்கள் அந்தக் காலத்தில் குறைவு. அழுக்கை மறைத்தார், அதிகாரத்தை மறைக்கவில்லை.

கேள்வி: தொழிலாளி தூங்குவதாகவோ சும்மா உட்கார்ந்திருப்பதாகவோ வரைந்தால் அது அவரை இழிவுபடுத்துவதாகுமா?

பதில்: என்ன ஓய்வு என்பதைப் பொறுத்தது. பீட்டர் ப்ரூகல் 1565-ல் வரைந்த ‘தி ஹார்வெஸ்டர்ஸ்’ (நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்) படத்தில் பேரிக்காய் மரத்தடியில் ஒருவர் காலைப் பரப்பி மல்லாந்து கிடக்கிறார். பக்கத்தில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இடப்பக்கம் ஆண்கள் இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கோதுமைக்கு நடுவே உள்ள ஒற்றையடிப் பாதையில் குடம் சுமந்து வருகிறார். படுத்திருப்பவரின் உடல் ஏன் அப்படிக் கிடக்கிறது என்பதற்குக் காரணம் அதே படத்தில், பத்தடி தள்ளி இருக்கிறது. இந்தப் படம் ஆண்டின் பருவங்களைக் காட்டும் வரிசையில் ஒன்று. வரையச் சொன்னவர் ஆன்ட்வெர்ப் வணிகர் நிக்லாஸ் யோங்கலிங்க். ஐந்து படங்கள் எஞ்சியிருக்கின்றன.

இன்னொரு வகை ஓய்வும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ‘பிக்சரெஸ்க்’ (காட்சி ஓவியம்போல் அமைய வேண்டும் என்ற) ரசனையைப் பரப்பிய வில்லியம் கில்பின், ஒழுக்கத்தின்படி உழைப்பவனே பார்க்க இனியவன், ஆனால் படத்துக்கு அழகு சேர்ப்பவன் சும்மா திரியும் குடியானவன் என்ற பொருளில் 1786-ல் எழுதினார். இந்த ரசனைப்படி வரைந்த படங்களில் குடிசை வாசலில் கைகட்டி நிற்பவர், வேலிமேல் சாய்ந்தவர், புகைக்குழாய் பிடிப்பவர் என்று நிறையப் பேர் வருவார்கள். முன்னால் செய்த வேலையின் அடையாளம் எதுவும் பக்கத்தில் இருக்காது; கருவி இல்லை, கட்டு இல்லை, காலில் சேறு இல்லை. கிழிசல் சட்டைகூட அங்கே தூரிகைக்குக் கிடைத்த ஒரு கரடுமுரடுதான். இழிவு என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறோம். ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ் 1815-ல் ஹியர்ஃபோர்ட் பகுதியில் வரைந்த அறுவடைப் பிற்பகல் காட்சி டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறுவடைக்காரர்கள் வேலையை நிறுத்தி நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனி முகம், தனி நிற்கும் பாணி. நிலக்காட்சிக்குள் அறிமுகமான மனிதர்கள் நிற்பதைப் போல் இருக்கும்.

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ‘தி க்ளீனர்ஸ்’ (கதிர் பொறுக்கும் பெண்கள்) இன்று நாட்காட்டியில்கூட வருகிறது. 1857-ல் இதற்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு? படத்தில் கோபப்பட ஒன்றுமில்லையே?

பதில்: படத்தை மூன்று தளமாகப் பிரித்துப் பாருங்கள், பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தின் இணையப் பதிவில் பெரிதாக்கியும் பார்க்கலாம்.

முன்தளத்தில் மூன்று பெண்கள். ஒருத்தி கையை நீட்டுகிறாள், ஒருத்தி எடுக்கிறாள், மூன்றாமவள் பாதி நிமிர்ந்திருக்கிறாள். ஒரே வேலையின் மூன்று நிலைகள். வரிசையாகப் பார்த்தால் ஒரே உடல் நாள் முழுக்கச் செய்யும் அசைவு கண்முன் ஓடும். இடப்பக்கத்து முதல் பெண் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்; பொறுக்கிய தாளை அந்தக் கையில் பிடித்திருக்கிறாள். முகங்கள் நிழலில். மூவரும் தொடுவானக் கோட்டைத் தாண்டி மேலே எழவில்லை. நிலமே அவர்களை அமுக்கிப் பிடித்திருப்பது இந்த ஓர் ஏற்பாட்டால்தான். இதே மில்லே ‘ஆஞ்செலஸ்’ படத்தில் வயலில் நின்று பிரார்த்திக்கும் இருவரின் தலையையும் வானத்தில் வைத்தார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தொடுவானம் உடலை எங்கே வெட்டுகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

நடுத்தளம் வெறும் அரிதாள். அந்த வெற்றிடம்தான் தூரம்.

பின்தளத்தில் பொன் வெளிச்சம்: பெரிய கதிர்ப்போர்கள், பாரம் ஏற்றும் வண்டி, கூட்டமாக வேலையாட்கள், வலது ஓரம் குதிரைமேல் மேற்பார்வையாளர். விளைச்சல் அமோகம். முன்னால் நிற்கும் மூவருக்கும் அதில் கிடைப்பது அறுவடையில் தவறி விழுந்த கதிர். பொறுக்கும் உரிமை ஏழைகளுக்குப் பிரான்சில் பழைய சட்டப்படி உண்டு. அறுவடை முடிந்த வயலில், சூரியன் உதித்து மறைவதற்குள் பொறுக்கிக்கொள்ள வேண்டும். உரிமைதான், கூலி அல்ல.

1848 புரட்சி முடிந்து ஒன்பது ஆண்டுகள். வசதியானவர்களுக்கு அந்தப் பயம் தெளியவில்லை. ஒரு விமர்சகர் இவர்களை வறுமையின் மூன்று விதித்தேவதைகள் என்றார். இன்னொருவருக்கு இவர்கள் முதுகுக்குப் பின்னால் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து 1793-இன் தலைவெட்டும் மேடைகள் தெரிந்தன. தான் சோஷலிஸ்ட் அல்ல என்று மில்லே பலமுறை மறுத்தார். நார்மண்டியில் குடியானவர் வீட்டில் 1814-ல் பிறந்தவர், வயல்வேலை செய்து வளர்ந்தவர், பார்த்ததை வரைந்தார். கோபத்தை மூட்டியது கருப்பொருள் அல்ல, உருவத்தின் அளவும் எடையும். வரலாற்று நாயகர்களுக்கும் புனிதர்களுக்கும் உரிய கனத்தைக் கூலிக்குக்கூட ஆகாத மூன்று பெண்களுக்குக் கொடுத்துவிட்டார்.

இதை உறுதிப்படுத்த ஒரு சோதனை. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1859-ல், ஜூல் ப்ரத்தோன் அதே தொழிலை வரைந்தார். சூரியன் மறைகிறது, காவலாளி பொறுக்கியவர்களைக் கூவி அழைக்கிறார், பெண்கள் தலையிலும் தோளிலும் கதிர்க்கட்டோடு நிமிர்ந்து, சிலைபோல் நடந்து வருகிறார்கள். வெறுங்கால், கிழிந்த ஆடை, வறுமை எல்லாம் இதிலும் இருக்கிறது. ஆனால் நிமிர்ந்த முதுகு, மாலை ஒளி, போதுமான கட்டு. யாருக்கும் கோபம் வரவில்லை. மூன்றாம் நெப்போலியன் அரசு அதை வாங்கிக்கொண்டது.

கேள்வி: நான் எண்ணெய் வண்ணத்தில் வயல்காட்சி வரைகிறேன். நிலம் சரியாக வருகிறது. ஆட்களைச் சேர்த்தால் மட்டும் வெட்டி ஒட்டியது போல் இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் நான்கு இடத்தில் ஒன்றில் இருக்கும். உயரம், முதுகு, பாதம், நிறத்தின் அழுத்தம்.

உயரத்திலிருந்து தொடங்குங்கள். சமதரையில் தொடுவானக் கோடு என்பது வரைகிறவரின் கண்மட்டம். நீங்கள் முக்காலியில் உட்கார்ந்து வரைந்தால் உங்கள் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். அப்படியானால் வயலில் எங்கே நிற்கும் ஆளுக்கும் தொடுவானம் 1.2 மீட்டர் உயரத்தில், அதாவது மார்புக்குப் பக்கத்தில் வெட்ட வேண்டும். கிட்டே நிற்பவருக்கும் சரி, தூரத்தில் நிற்பவருக்கும் சரி. கணக்காகச் சொன்னால், 1.6 மீட்டர் உயர ஆளின் பாதம் தொடுவானத்துக்கு 6 சென்டிமீட்டர் கீழே இருந்தால் உருவம் 8 சென்டிமீட்டர் வரும். பாதம் 3 சென்டிமீட்டர் கீழே என்றால் 4 சென்டிமீட்டர். மேட்டிலிருந்து பார்த்து, கண் வயலுக்கு மேல் 16 மீட்டர் உயரத்தில் இருந்தால், பாதத்திலிருந்து தொடுவானம் வரை உள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஆள். 6 சென்டிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர். ப்ரூகல் படங்களில் ஆட்கள் முழுக்கத் தொடுவானத்துக்குக் கீழே கிடப்பதற்குக் காரணம் இந்த உயரப் பார்வைதான். உட்கார்ந்து நிலத்தை வரைந்துவிட்டு, நின்றபடி எடுத்த புகைப்படத்திலிருந்து ஆளைச் சேர்த்தால் கட்டாயம் ஒட்டாது. சரிவான வயலில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பக்கத்திலுள்ள வேலி, வண்டிச்சக்கரம் போன்ற உயரம் தெரிந்த பொருளோடு ஒப்பிட்டு வரையுங்கள்.

அடுத்து முதுகு. குனிந்த உருவத்தைக் கதவின் கீல்போல் இடுப்பில் மடித்து, இடுப்பை நேராகப் பாதத்துக்கு மேலே வைத்துவிடுவார்கள். அப்படி யாராலும் நிற்க முடியாது, முகங்குப்புற விழுவார். குனியும்போது தலையும் மார்பும் முன்னால் போகும், அதை ஈடுகட்ட இடுப்பு குதிகாலுக்குப் பின்னால் போகும். முழங்கால் கொஞ்சம் மடங்கும். முதலில் பாதங்களுக்கு நடுவிலிருந்து மேலே ஒரு செங்குத்துக் கோடு இழுத்துக்கொண்டு, உடலின் எடை கோட்டுக்கு இருபுறமும் சமமாக வருகிறதா என்று பாருங்கள். குனிந்த உருவத்தின் மொத்த உயரம் நின்ற உயரத்தில் பாதிக்குச் சற்று மேல். நின்றால் 8 சென்டிமீட்டர் என்றால் குனிந்தால் நாலரை முதல் ஐந்து. எதையாவது தூக்குகிறார் என்றால் இடுப்பு எதிர்ப்பக்கம் சாயும். கூடையை ஒரு பக்கம் சுமப்பவரின் மறுகை விலகி நிற்கும். சாயாத உடலில் கூடை காலியாகத் தெரியும்.

தலையைப் பெரிதாக்காதீர்கள். நின்ற உருவம் ஏழரைத் தலை உயரம். உருவம் 3 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் எட்டுத் தலையாக வைப்பது நல்லது, ஏனென்றால் தூரிகை நுனி எப்போதும் நினைத்ததைவிடக் கொஞ்சம் தடித்துத்தான் வைக்கும். ஒரு சென்டிமீட்டர் உருவத்துக்கு ஐந்தாறு தூரிகைத் தொடல்கள் போதும்: முதுகின் ஒளிப்பக்கம், நிழல்பக்கம், கால் இரண்டு, தலைத்துணி. கண் மூக்கு வைக்கப் போனீர்களோ, அந்த ஆள் வயலிலிருந்து எழுந்து வெளியே வந்துவிடுவார்.

பாதம்தான் அதிகம் பேர் கோட்டைவிடும் இடம். அரிதாளிலோ புல்லிலோ நிற்பவரின் பாதம் முழுதாகத் தெரியாது. உருவத்தை வரைந்து முடித்த பிறகு, முன்னால் உள்ள புல்லின் சில கீற்றுகளைக் கணுக்காலின்மேல் இழுத்துவிடுங்கள். பாதம் தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய அடர்நிழல் ஒன்று வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஆள் மிதப்பார். விழும் நிழலின் நீளத்தையும் சரிபாருங்கள். சூரியன் 45 பாகை உயரத்தில் இருந்தால் நிழல் ஆள் உயரம், 30 பாகையில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. மரத்தின் நிழல் இடப்பக்கம் நீண்டு கிடக்க, ஆளின் நிழல் காலடியில் சுருண்டிருக்கும் படங்கள் கண்காட்சிக்கே வருகின்றன.

கடைசியாக அழுத்தம். தூரத்து ஆளுக்குக் கருப்பு வைக்காதீர்கள். முன்தளத்தின் மிக அடர்ந்த நிறத்தைவிட நடுத்தளத்து ஆளின் அடர்நிறம் ஒரு படி வெளுத்தும், தூரத்து ஆளின் அடர்நிறம் இரண்டு மூன்று படி வெளுத்து நீலச்சாயலோடும் இருக்க வேண்டும். அதேபோல் வயலின் நிறத்தைக் கொஞ்சம் ஆடைக்குள் கலந்துவிடுங்கள்: மஞ்சள் அரிதாளில் குனிந்தவரின் முகத்திலும் வயிற்றுப் பக்கத்து நிழலிலும் கீழிருந்து அந்த மஞ்சள் எதிரொளிக்கும். சிவப்பை அளந்து பயன்படுத்துங்கள். ‘தி ஹே வெய்ன்’ குதிரைகளின் சேணத்தில் கான்ஸ்டபிள் வைத்த சிறு சிவப்பு, அத்தனை பச்சையையும் உயிர்ப்பிக்கிறது. பத்துப் பேருக்கும் சிவப்பு உடுத்தினால் அந்த வேலை நடக்காது.

கேள்வி: அரிவாள், விதைப்பு போன்றவற்றை ஓவியர் சரியாகத்தான் வரைந்திருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஐரோப்பியப் படங்களில் இரண்டு வகை அரிவாள் வரும். கைக்கு அடக்கமான கதிர் அரிவாளில் இடக்கை தாளைக் கொத்தாகப் பிடிக்கும், வலக்கை அறுக்கும். ஆள் குனிந்தே ஆக வேண்டும். பின்னால் நிற்கும் அரிதாள் நீளமாக இருக்கும். நீண்ட காம்பு வைத்த அரிவாளுக்கு இரண்டு கையும் வேண்டும். ஆள் ஓரளவு நிமிர்ந்தே நிற்பார். அலகு தரையையொட்டி வலமிருந்து இடமாக வட்டவில்லாய்ப் போகும். அறுத்த புல் அவருக்கு இடப்பக்கம் வரிசையாக விழும். அரிதாள் குட்டையாக இருக்கும். நீள்காம்பு அரிவாளைக் கோடரிபோலத் தலைக்கு மேலே ஓங்கியிருந்தால், ஓவியர் வயலுக்குப் போகவில்லை. பலர் சேர்ந்து அறுத்தால் ஒரே கோட்டில் நிற்க மாட்டார்கள். ஒருவர் அலகு மற்றவர் காலில் படாதபடி ஏணிப்படிபோல் ஒருவருக்குப் பின் ஒருவர் விலகி வருவார்கள். இடுப்பில் தீட்டுக்கல் வைத்த கொம்பு தொங்குகிறதா என்றும் பாருங்கள். அலகு சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்டாமல் அறுக்க முடியாது.

கைவிதைப்பில் பை அல்லது மடித்துக் கட்டிய துணி இடப்பக்கம், வீச்சு வலக்கை. மில்லேயின் 1850 ‘தி சோவர்’ இதற்கு நல்ல பாடம்: எட்டு வைக்கும் காலும் வீசும் கையும் ஒரே தாளத்தில் இருக்கின்றன. பின்னால் வெளிச்சத்தில் மாடுகள் பலுகு இழுத்து வருவதையும் கவனியுங்கள். விதைத்த உடனே மண் மூடாவிட்டால் பறவைகள் கொத்திவிடும், அந்தப் பறவைகளும் படத்தில் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. படத்தில் எல்லோரும் இடக்கையர்களாக இருந்தால் ஓவியரைத் திட்டுவதற்கு முன், நீங்கள் பார்ப்பது அச்சுப்பிரதியா என்று பாருங்கள். ஓவியத்தை அப்படியே தகட்டில் செதுக்கி அச்சிட்டால் இடம் வலம் மாறிவிடும். விஷயம் தெரிந்த செதுக்குக்காரர் முன்கூட்டியே திருப்பிச் செதுக்குவார். எல்லோரும் அப்படிச் செய்யவில்லை.

கேள்வி: வான்கா மில்லேயை நகலெடுத்தார் என்கிறார்கள். அவ்வளவு பெரிய ஓவியர் எதற்காக நகல் எடுக்க வேண்டும்?

பதில்: 1889–90-ல் செயின்ட் ரெமி மருத்துவ விடுதியில் இருந்தபோது வெளியே போய் ஆட்களை வைத்து வரைய அவருக்கு வழி குறைவு. தம்பி தியோ அனுப்பிய கறுப்பு வெள்ளை அச்சுகள் கையில் இருந்தன. மில்லேயின் வயல்வேலைச் சித்திரங்களை அந்த அச்சுகளில் பார்த்து, ஏறத்தாழ இருபது ஓவியங்கள் வரைந்தார். உடலின் நிலையும் கருவியும் மில்லேயுடையவை. நிறம் முழுக்க வான்காவுடையது. கறுப்பு வெள்ளையிலிருந்து நிறத்துக்கு மாற்றுவதை அவர் மொழிபெயர்ப்பாகவே கருதினார். கட்டுக் கட்டுபவர், கதிரடிப்பவர், ஆட்டு மயிர் கத்தரிப்பவர் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், உழைக்கும் உடலின் வளைவுகளுக்கு ஓர் அரிச்சுவடி கிடைக்கும். வரையப் பழகுகிறவர்களுக்கு இன்றும் இதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை.

கேள்வி: வேலையைக் காட்டும் படங்கள் இத்தனை. கூலியைக் காட்டிய படம் உண்டா?

பதில்: அபூர்வம். லெயோன் லெர்மித் 1882-ல் வரைந்த ‘அறுவடைக்காரர்களின் கூலி’ ஓர்சேயில் இருக்கிறது. பண்ணை முற்றம், மாலை நேரம். பணம் எண்ணிக் கொடுக்கப்படுகிறது. முன்னால் உட்கார்ந்திருக்கும் அறுவடைக்காரர், நீள்காம்பு அரிவாளோடு, எங்கோ பார்க்கிறார். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான பெரிய படம். ஆனால் இதை வரைவதற்கு ஓவியர் வயலை விட்டு முற்றத்துக்கு வர வேண்டியிருந்தது. திறந்த நிலக்காட்சிக்குள் பணம் கைமாறுவதைக் காண்பது கடினம்.

குளிர்கால வேலையும் இதேபோல் அபூர்வம். எல்லோரும் அறுவடையைத்தான் வரைவார்கள், வெயிலும் பொன்னிறமும் விற்கும். ஜார்ஜ் கிளாசன் 1883-ல் வரைந்த ‘விண்டர் வொர்க்’ ஆட்டுத்தீவனத்துக்குக் கிழங்கு சீவும் குடும்பத்தைச் சேற்றுநிறத்தில் காட்டியது. வலப்பக்கம் வளையத்தோடு நிற்கும் சிறுமியை அவர் பிறகுதான் சேர்த்தார். அவளை விரலால் மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள், எவ்வளவு இறுக்கமாகிறது என்று தெரியும்.

கேள்வி: ஐரோப்பாவுக்கு வெளியே இந்த மரபு இல்லையா?

பதில்: அதற்கு முன்பே உண்டு. சீனாவில் 12-ஆம் நூற்றாண்டில், தெற்குச் சோங் ஆட்சியில், லோ ஷோ என்ற அதிகாரி உழவையும் நெசவையும் படவரிசையாக்கி, ஒவ்வொரு படத்துக்கும் கவிதை எழுதிச் சேர்த்தார். உழவுக்கு 21 காட்சிகள், நெசவுக்கு 24. விதை ஊறவைப்பதிலிருந்து களஞ்சியம் சேர்ப்பது வரை படிப்படியாக வரும். 1696-ல் காங்ஷி பேரரசர் இதைப் புதிதாக வரையச் செய்து பதிப்பித்தார். அரசன் உழவைப் போற்றுகிறான் என்று காட்டும் நோக்கமும் இதில் கலந்திருக்கிறது. ஆனாலும் நெல்வயலில் ஏற்றம் மிதிப்பவர், நாற்று நடுபவர் என்று வேலையின் ஒரு கட்டம்கூட விடுபடாத ஒழுங்கில், இதற்கு நிகராக அந்தக் கால ஐரோப்பாவில் எதையும் காட்ட முடியாது.

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் கூர்பேயின் ‘கல் உடைப்பவர்கள்’ எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது?

பதில்: எங்கும் இல்லை. 1849-ல் வரைந்த அந்தப் படம் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஓவியக் காட்சியகத்தில் இருந்தது. 1945-ல் போரில் அழிந்தது. நீங்கள் புத்தகங்களில் பார்ப்பது பழைய புகைப்படங்களின் மறுபதிப்பு, ஆகவே நிறங்களை நம்பி எதுவும் எழுதிவிடாதீர்கள். அமைப்பை நம்பலாம்: கிழவரின் முகம் தொப்பி நிழலில், இளைஞரின் முகம் மறுபக்கம் திரும்பியிருக்கிறது, மலைச்சரிவு மேலே எழும்பி வானத்தை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டது.